கொழுந்துக்கு நிழல்: தரமும் விளைச்சலும்

ஜப்பானியரின் மரபுவழி நாட்காட்டியில் வசந்தம் பிறந்ததிலிருந்து எண்பத்தெட்டாம் நாள், தேயிலைக் கொழுந்து பறிக்க உகந்த நாளாகக் கருதப்படுகிறது. அது மே மாதம் முதல் தேதியிலோ இரண்டாம் தேதியிலோ வரும். அந்நாளில் கியோட்டோ நகருக்குத் தெற்கே அமைந்த ஊஜி வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றில் தேயிலைச் செடிகள் கண்ணுக்குப் புலப்படமாட்டா. கரிய துணியாலோ, நாணல் தட்டியும் வைக்கோலும் கொண்டோ வேயப்பட்ட பந்தலின் கீழே, மூன்று வாரமாக ஏறத்தாழ இருட்டில் அவை நின்றுகொண்டிருக்கும். அதே வாரங்களில் அசாமின் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில், வாகை இனத்தைச் சேர்ந்த உயர்ந்த மரங்களின் இலைகளூடே வடிந்துவரும் ஒளியில் கோடிக்கணக்கான தேயிலைச் செடிகள் துளிர்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டும் நிழல்தான். ஆனால் இவ்விரண்டின் நோக்கமும் வேறு, பயனும் வேறு. முன்னது விளைச்சலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத் தரத்தைப் பெறும் முயற்சி. பின்னது கொளுத்தும் வெயிலிலிருந்து விளைச்சலைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஜப்பானிய நிழற்தேயிலையை அரைத்துப் பெறும் மாட்சா என்ற பச்சைப் பொடிக்கு அண்மை ஆண்டுகளில் உலகச் சந்தையில் ஏற்பட்டுள்ள கிராக்கியைக் கேள்வியுறும் நம் நாட்டுத் தேயிலை விவசாயி, தாமும் செடிமேல் துணி போர்த்தினால் என்ன என்று எண்ணுவது இயல்பே. அதற்கு விடை காண, நிழலினால் இலைக்குள் நிகழ்வது என்ன என்பதையும், அதற்கான விலையை யார் தருகின்றனர் என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும். வேளாண் அறிவியல் முதற்பாதியைத்தான் சொல்லும்; மறுபாதி பொருளாதாரத்தைச் சார்ந்தது.

உறைபனிக்குப் போட்ட பந்தல்

தேயிலைச் செடிமீது பந்தல் வேயும் வழக்கம் தரத்தை நாடி எழுந்ததன்று என்பது சுவையான செய்தி. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் நெடுங்காலம் வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் ஜோவாவ் ரோட்ரிகஸ், ஊஜித் தோட்டங்களில் இளங்கொழுந்தை உறைபனியிலிருந்து காப்பதற்காக நாணலும் வைக்கோலும் கொண்டு கூரையிடப்படுவதை எழுதி வைத்துள்ளார். பனிக்காகப் போட்ட கூரையின் கீழ் வளர்ந்த கொழுந்து கரும்பச்சையாகவும் மென்மையாகவும் இருந்தது. அதன் சாற்றில் துவர்ப்புக் குறைந்து இனிமை மேலோங்கியது. பனி விலகிய பின்னும் கூரையை நீட்டித்து வைக்கும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

நம் நீலகிரியிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான உறைபனிக் காலத்தில் தாழ்வான பகுதிகளிலுள்ள தேயிலைச் செடிகளைப் பெரணிச் செடிகளைக் கொண்டும் காய்ந்த புல்லைக் கொண்டும் மூடும் வழக்கம் உண்டு. கருவி ஒன்றாயினும், நம்மவர் பனி போனதும் மூடாக்கை நீக்கிவிடுகின்றனர். அவர்கள் பறிக்கும் நாள்வரை வைத்திருக்கின்றனர்.

இன்று ஜப்பானில் நிழற்தேயிலை மூவகைப்படும். பறிப்பதற்கு முன் ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை நிழலிடப்படுவது கபுசேச்சா. ஏறத்தாழ இருபது நாட்களோ அதற்கு மேலோ நிழலிட்டு, ஆவியில் அவித்து, ஊசிபோல் உருட்டி உலர்த்தப்படுவது கியோகுரோ. அதே அளவு நிழலோ சற்று நீண்ட நிழலோ பெற்று, அவித்தபின் உருட்டாமல் தட்டையாகவே உலர்த்தப்படுவது தென்ச்சா. தென்ச்சாவின் நரம்புகளையும் காம்புகளையும் நீக்கி, கல் எந்திரத்தில் அரைத்தால் கிடைப்பதே மாட்சா. ஓர் எந்திரம் மணிக்கு நாற்பது கிராம் அளவே அரைக்கும். விரைந்து சுற்றினால் சூடேறி மணம் கெடும்.

பந்தல் ஒரே நாளில் இருட்டாக்கப்படுவதில்லை. துளிர் ஓரிரு இலை விரித்தவுடன் முதல் திரை விழும். அது வெயிலில் பெரும்பகுதியைத் தடுக்கும். சில நாட்கள் கழித்து அதன்மேல் வைக்கோலோ இரண்டாம் துணியோ சேர்ந்து, இறுதி நாட்களில் நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவான ஒளியே இலையை அடையும். துணியை நேரே செடிமேல் போர்த்துவது மலிவு. ஆனால் வெயிலில் சூடேறும் துணி கொழுந்தைத் தீண்டுவதால் நுனி கருகும். ஆளுயரத்துக்குச் சட்டம் நட்டு மேலே விரிக்கும் பந்தலில் காற்று உலவும், தரம் மேம்படும், செலவும் அதற்கேற்பக் கூடும்.

இலைக்குள் நிகழ்வது

தேநீரின் சுவை இரு கூறுகளின் இழுபறியால் அமைகிறது. ஒன்று துவர்ப்பு. இதைத் தருபவை கேட்டச்சின் எனப்படும் பாலிபீனால்கள். மற்றொன்று நாவில் நின்று நீடிக்கும் இன்சுவை. ஜப்பானியர் இதை உமாமி என்பர். இதைத் தருபவை அமினோ அமிலங்கள், அவற்றுள் தலையாயது தியானின். 1949ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர் சகாதோ யஜிரோ இதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் கியோகுரோ இலையிலிருந்துதான்.

தியானின் உருவாவது இலையில் அன்று, வேரில். மண்ணிலிருந்து எடுக்கப்படும் தழைச்சத்தைக் கொண்டு வேர் இதனை ஆக்கி, தண்டின் வழியே கொழுந்துக்கு அனுப்புகிறது. கொழுந்தின்மீது வெயில் பட்டால் தியானின் சிதைந்து, அதன் ஒரு பகுதி கேட்டச்சின்களை ஆக்குவதற்குப் பயன்பட்டுவிடுகிறது. சுருங்கச் சொன்னால், வெயில் இன்சுவையைத் துவர்ப்பாக மாற்றுகிறது. வெயிலை மறித்தால் இம்மாற்றம் தடைப்படும். வேர் அனுப்பிய தியானின் கொழுந்திலேயே தேங்கும். கேட்டச்சின் உற்பத்தி ஒளியைச் சார்ந்ததாகலின் அதுவும் தணியும். காஃபீன் குறைவதில்லை, சற்றுக் கூடுவதும் உண்டு.

கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் தவறவிடாது பிடித்துக்கொள்ளச் செடி முனைவதால் இலையில் பச்சையம் பெருகுகிறது. மாட்சாவின் கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்துக்குக் காரணம் இதுவே. இலை அகன்று மெலிகிறது. நார் முற்றுவது தாமதமாகிறது. கடற்பாசியை நினைவூட்டும் ஒரு தனி மணமும் எழுகிறது. அதற்குக் காரணம் டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மம். விலை கூறுவோர் முதலில் முகர்ந்து பார்ப்பது இதைத்தான்.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நிழல் எதையும் புதிதாகத் தருவதில்லை. வேர் அனுப்பியதைப் பாதுகாக்கிறது, அவ்வளவே. மண்ணில் தழைச்சத்து இல்லையேல் நிழலால் பயன் சிறிதே. ஆகவேதான் நிழல் தோட்டங்களுக்கு உரம் மிகுதியாக இடப்பட்டது. ஜப்பானியத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஹெக்டேருக்கு 1,000 கிலோ வரை தழைச்சத்து இட்டோரும் இருந்தனர். அதன் பயனாக நிலத்தடி நீரில் நைட்ரேட் சேர்ந்து, பின்னர் உர அளவைக் குறைக்க நேர்ந்தது. தரத்தின் விலையில் இதுவும் ஒரு பகுதி. ஏலச் சீட்டில் மட்டும் இது இடம்பெறுவதில்லை.

விளைச்சல் இழப்பது எப்படி

ஒளிச்சேர்க்கையே செடியின் வருவாய். இருபது நாட்கள் அவ்வருவாயை ஏறத்தாழ நிறுத்திவைத்தால், செடி தன் சேமிப்பைச் செலவிட்டே துளிர்க்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடந்த செடியின் வேரிலும் தண்டிலும் சேர்ந்துள்ள மாவுச்சத்தே அச்சேமிப்பு. வசந்த காலத்து முதல் துளிர் இதனால்தான் நிழலைத் தாங்குகிறது. ஆயினும் துளிர்களின் எண்ணிக்கை குறைகிறது. இலையில் உலர் எடை குறைகிறது. நிழல் நாட்களும் திரையின் அடர்த்தியும் கூடக்கூட இழப்பும் கூடுகிறது.

இழப்பை ஓரளவு ஈடுசெய்யும் ஒரு கூறும் உண்டு. வெயிலில் நிற்கும் கொழுந்து விரைவில் முற்றிவிடும். நிழலில் உள்ளது மென்மை மாறாமல் மேலும் சில நாட்கள் காத்திருக்கும். அந்நாட்களில் துளிர் இன்னும் ஓர் இலை விடும். எனவே பறிப்பை ஒத்திவைத்துப் பச்சை எடையில் ஒரு பகுதியை மீட்கலாம். ஆனால் அவ்வெடையில் நீரின் பங்கே அதிகம். பறித்த கூடையில் தெரியும் எடைக்கும் உலர்த்திய பின் மிஞ்சும் எடைக்கும் உள்ள வேறுபாடு நிழற்தேயிலையில் விரிந்துவிடுகிறது.

இவ்வாண்டின் இழப்பைக் காட்டிலும் கருதத்தக்கது அடுத்த ஆண்டின் இழப்பு. சேமிப்பை இழந்த செடி மீண்டும் சேமிக்கக் காலம் வேண்டும். மரபுவழிக் கியோகுரோ, தென்ச்சாத் தோட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கையால் பறித்து, உடனே கவாத்து செய்து, மறு வசந்தம் வரை செடியைத் தன்போக்கில் வளரவிடுகின்றனர். சாதாரணத் தேயிலைத் தோட்டத்தில் அங்கு மூன்று நான்கு முறை எந்திரத்தால் பறிப்பு நடைபெறும். ஆகவே நிழல் தோட்டக்காரர் இழப்பது ஒரு பறிப்பின் ஒரு பகுதியை மட்டுமன்று. ஆண்டின் எஞ்சிய பறிப்புகளையும்தான். ஆண்டில் இருமுறை நிழலிட்டு இருமுறை பறிப்போரும் இன்று உளர். இரண்டாம் பறிப்பின் தரமும் விலையும் தாழ்ந்தே நிற்கின்றன.

அசாமில் நிழல் ஆற்றும் பணி

இனி நம் நாட்டு நிழலைக் காண்போம். தேயிலை இயல்பில் காட்டு மரங்களின் அடியில் வளரும் இனம். எனினும் அசாமில் தோட்டம் போட்ட தொடக்க காலத்தவர் காட்டை முழுவதும் அழித்தே நட்டனர். தப்பி நின்ற சாவ் மரங்களின் கீழுள்ள செடிகள் செழித்திருப்பதைக் கண்ட பின்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிழல் மரங்களைத் திட்டமிட்டு நடும் வழக்கம் பரவியது. சாவ் என அங்கு வழங்கப்படும் மரம் வாகை இனத்தது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகலின் வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கிறது.

நிழல் ஏன் நன்மை செய்கிறது என்பதற்கு ஜோர்ஹாட்டில் 1911இல் தொடங்கப்பெற்ற டோக்லாய் ஆய்வு நிலையத்தில் 1960களில் நடைபெற்ற ஆய்வுகள் தெளிவான விடை தந்தன. தேயிலை இலையின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஒளிச்சேர்க்கை வேகமாகத் தாழ்கிறது. ஏறத்தாழ 40 டிகிரியில் நிகர ஆக்கம் எதுவும் இல்லை. வெயிலில் நேராகக் கிடக்கும் இலையின் வெப்பம் சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி மிகுந்திருக்கும். எனவே பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கின் கோடையில், வெயில் மிகுந்திருக்கும் நண்பகலில்தான் செடி வேலைநிறுத்தம் செய்கிறது. மிதமான நிழல் இலையைக் குளிர்வித்து அதை வேலை செய்ய வைக்கிறது.

இலையின் கிடக்கையும் இங்கே பங்கு பெறுகிறது. அசாம் இனத்தின் அகன்ற இலை கிடைமட்டமாக விரிந்து வெயிலை முழுவதுமாக வாங்கும். சீன இனத்தின் சிறிய இலை நிமிர்ந்து நிற்பதால் வெயில் சரிந்து விழுந்து, அடியிலுள்ள இலைகளுக்கும் பங்கு கிடைக்கும். ஆகவே முன்னதற்கு நிழலின் தேவை கூடுதல். உயரமான, குளிர்ந்த இடங்களில் கணக்கு மாறிவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யாவின் கெரிச்சோ மேட்டுநிலத்தில் நிழல் மரங்களை நீக்கியபின் விளைச்சல் உயர்ந்தது. அங்கே இலை சூடேறும் சிக்கல் இல்லை. மரம் ஒளிக்கும் நீருக்கும் போட்டியாளராகவே நின்றது.

தென்னிந்தியாவில் சில்வர் ஓக் மரமே பெரும்பாலும் நிழல் தருகிறது. அது தழைச்சத்துச் சேர்க்கும் இனம் அன்று. ஆனால் மரத்துக்கு விலையுண்டு. மிளகுக் கொடி படரவும் இடம் தரும். 1946இல் தென்னிந்தியாவில் தலைகாட்டிய கொப்புள நோய், ஈரமும் நிழலும் மிகுந்த இடத்தில் தழைப்பது. ஆகவே பருவமழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பது இங்கு இன்றியமையாத வேலையாகிவிட்டது. மறுபுறம், நிழலே இல்லாத இடத்தில் செஞ்சிலந்திப் பேன் பெருகும். நிழல் மிகுந்தால் தேயிலைக் கொசு பெருகும். எவ்வளவு நிழல் வேண்டும் என்பதற்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் ஒரே எண்ணைச் சொல்ல இயலாததற்கு இவையெல்லாம் காரணங்கள்.

இவ்வாறு ஆண்டு முழுவதும் நிற்கும் மர நிழல் வேறு. பறிப்புக்கு முன் சில வாரம் விழும் துணி நிழல் வேறு. முன்னதை அறிந்த நம் விவசாயி, பின்னதையும் அதன் விரிவாகக் கருதிவிடும் அபாயம் உண்டு.

ஒருவர் தரம் மற்றவர் குறை

நம் நாட்டில் விளையும் தேயிலையில் மிகப் பெரும் பகுதி கறுப்புத் தேயிலை, அதிலும் சி.டி.சி. எந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டப்பட்ட தூளே ஆதிக்கம் செலுத்துகிறது. பாலும் சர்க்கரையும் கலந்தபின்னும் நிறமும் கடுமையும் குன்றாத தேநீரே நம் மக்கள் விரும்புவது. அந்நிறத்தையும் கடுமையையும் தருபவை தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்ற பொருள்கள். இவை உருவாவது கேட்டச்சின்கள் காற்றுடன் வினைபுரிவதால்தான்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. அடர்ந்த நிழல் முதலில் குறைப்பது கேட்டச்சினையே. கிரீன் டீயில் துவர்ப்புக் குறைவது தரம்; சி.டி.சி. தூளில் அதே குறைவு தரக்கேடு. ஊஜி முறையில் மூன்று வாரம் மூடிய கொழுந்தைக் கூடலூரிலோ திப்ருகரிலோ உள்ள சாதாரணத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், எடையும் குறைந்து, வெளிறிய, சாரமற்ற தேநீரும் கிடைக்கும். உழைத்தவர் இருமுறை நட்டப்படுவார்.

அடுத்தது பறிப்பு முறை. ஜப்பானில் வசந்தத் துளிர் செடி முழுவதும் ஏறத்தாழ ஒருசேர எழும். ஒரு முறை மூடி, ஒரு முறை திறந்து, ஒரு முறை பறித்தால் போதும். நம் தோட்டங்களில் பருவம் தொடங்கியபின் ஏழு முதல் பதினான்கு நாட்களுக்கு ஒரு சுற்று என்று பறிப்பு தொடர்ந்து நடக்கும். ஒரே செடியில் முற்றிய துளிரும் பாதி வளர்ந்த துளிரும் அப்போது விழித்த அரும்பும் சேர்ந்தே இருக்கும். இருபது நாள் மூடினால் இரண்டு சுற்றுப் பறிப்பு கைவிட்டுப் போகும். மூடிய செடியில் பாதி முற்றிப்போகும். தென்னிந்தியாவில் செடிக்கு நெடிய உறக்கமே இல்லை. ஆண்டு முழுவதும் பறிப்பதால் வேரில் பெரிய சேமிப்புச் சேர்வதற்கும் வாய்ப்புக் குறைவு.

இக்காரணங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், துணி நிழலுக்கு ஓரளவு இடம் கொடுக்கக்கூடியவை குளிர்கால உறக்கமும் சீன இனச் செடிகளும் உள்ள பகுதிகளே. இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கு அவற்றுள் ஒன்று. முன்னர் கிரீன் டீக்குப் பெயர் பெற்றிருந்த அப்பகுதியின் ஆண்டு விளைச்சல் இன்று பத்து லட்சம் கிலோவுக்கும் குறைவு. டார்ஜீலிங் மற்றொன்று, ஆனால் அங்கே முதல் பருவக் கொழுந்துக்கு ஏற்கெனவே உயர்ந்த விலை இருப்பதால், அதை மூடி எடையை இழக்க எவரும் எளிதில் முன்வரமாட்டார். நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் எஞ்சியுள்ள பழைய சீன இனச் செடிப் பகுதிகளை மூன்றாவதாகக் கொள்ளலாம், சற்றுத் தயக்கத்துடன்.

சிறு விவசாயியின் கணக்கு

நம் நாட்டின் தேயிலை விளைச்சல் 2023இல் சுமார் 139 கோடி கிலோவாகவும் 2024இல் சுமார் 128 கோடி கிலோவாகவும் இருந்தது. இதில் பாதிக்கு மேற்பட்டது சிறு விவசாயிகளின் நிலத்தில் விளைந்தது. 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை தேயிலை பயிரிடுவோர் சிறு விவசாயிகளாகக் கொள்ளப்படுகின்றனர். இவர்களுள் மிகப் பலரிடம் இருப்பது ஓரிரு ஏக்கரே. சொந்தத் தொழிற்சாலை இல்லாத இவர்கள், பறித்த பசுந்தேயிலையை அன்றே தொழிற்சாலைக்கு எடை போட்டுக் கொடுத்தாக வேண்டும். 2003ஆம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ், தூளின் சராசரி விற்பனை விலையிலிருந்து விவசாயியின் பங்கு கணக்கிடப்படுகிறது.

'சராசரி' என்ற சொல்லில்தான் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது. விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஒரு விவசாயிக்குத் துணி போர்த்தாத நிலையில் குறிப்பிட்ட காலத்தில் 400 கிலோ பசுந்தேயிலை கிடைக்கிறது; விலை கிலோ 20 ரூபாய்; வரவு 8,000 ரூபாய். துணி போர்த்தியதால் நூற்றுக்கு இருபத்தைந்து குறைந்து 300 கிலோ கிடைக்கிறது எனக் கொள்வோம். பழைய வரவையே பெற வேண்டுமானாலும் கிலோவுக்கு 26 ரூபாய் 67 காசு வேண்டும். துணியின் தேய்மானம், சட்டம் நடும் கூலி, விரித்து எடுக்கும் கூலி ஆகியவற்றுக்கு 3,000 ரூபாய் செலவாயிற்று என்றால், ஈடாக வேண்டிய விலை 36 ரூபாய் 67 காசு. பறிப்புக் கூலியில் மிச்சமாகும் சிறு தொகையைக் கழித்தாலும் இது பழைய விலையைக் காட்டிலும் நூற்றுக்கு எண்பது அளவு கூடுதல். மறு சுற்றுகளில் செடி மெலிவதால் வரும் இழப்பு இதில் சேர்க்கப்படவே இல்லை.

கியோட்டோ ஏலத்தில் இவ்வுயர்வும் கிடைக்கும். இதற்கு மேலும் கிடைக்கும். அங்கே ஒவ்வொருவர் இலையும் தனித் தொகுதியாக வைக்கப்பட்டு, தனியே சுவைக்கப்பட்டு, தனியே விலை பெறுகிறது. இங்கே பல நூறு பேரின் இலை ஒரே தொட்டியில் கொட்டப்பட்டு, ஒரே தூளாகி, மாவட்டச் சராசரியில் கரைந்துவிடுகிறது. சராசரியே விலையென்றால், 400 கிலோ தந்தவருக்கு 8,000 ரூபாயும் 300 கிலோ தந்தவருக்கு 6,000 ரூபாயும்தான். நிழற்துணிவரை போக வேண்டியதில்லை. இரு இலையும் ஓர் அரும்புமாகக் கவனத்துடன் பறிப்பவரும், கத்தரியால் வெட்டி முற்றிலையையும் சேர்த்துக் கொடுப்பவரும் ஏறத்தாழ ஒரே விலை பெறும் நிலையில், எடையைக் கூட்டுவதே அறிவுடைய செயலாகிறது. கொழுந்தின் தரம் தாழ்ந்துவிட்டது என்று தொழிற்சாலையினர் கூறும் குறையும், கட்டுபடியான விலை இல்லை என்று விவசாயி கூறும் குறையும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை.

மாட்சாச் சந்தையின் அளவு

ஜப்பானில் தென்ச்சா உற்பத்தி 2023இல் 4,000 டன்னைத் தாண்டியது. பத்தாண்டுக்கு முன்னிருந்ததைப் போல் இது ஏறத்தாழ மூன்று மடங்கு. 2024இல் அந்நாடு சுமார் 8,800 டன் கிரீன் டீயை ஏற்றுமதி செய்து 36 பில்லியன் யென்னுக்கு மேல் ஈட்டியது. 2025 வசந்த காலத்தில் தென்ச்சாவின் ஏல விலை செங்குத்தாக உயர்ந்தது. இச்செய்திகள் உண்மையே.

ஆனால் அளவை நினைவில் கொள்ள வேண்டும். 2023இல் ஜப்பானின் மொத்தத் தேயிலை விளைச்சல் சுமார் 75,000 டன். அதில் தென்ச்சா இருபதில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. நிழலிடும் கலையில் பல நூற்றாண்டுப் பழக்கமுள்ள நாட்டிலேயே நிலைமை இதுவாயின், 4,000 டன் என்பது இந்தியாவின் ஆண்டு விளைச்சலில் முந்நூறில் ஒரு பங்கு என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு மாவட்டம் முழுவதும் துணி போர்த்தினால் சந்தை தாங்காது. சீனாவும் பெருமளவில் மாட்சா உற்பத்தி செய்து மலிவு விலைப் பகுதியைப் பிடித்துக்கொண்டுள்ளது.

இன்னொரு தடையும் உண்டு. சாதாரணத் தேநீரில் இலையை ஊறவைத்துச் சாற்றை மட்டும் அருந்துகிறோம். மாட்சாவில் இலை முழுவதும் வயிற்றுக்குள் செல்கிறது. ஆகவே இலையிலுள்ள பூச்சிமருந்து எச்சமும் முழுவதுமாகச் செல்லும். வாங்கும் நாடுகள் இதனைக் கடுமையாகச் சோதிக்கின்றன. கொப்புள நோய்க்கும் தேயிலைக் கொசுவுக்கும் மருந்து தெளித்தே பழகிய பகுதிகளில், நிழல் இவ்விரண்டையும் மேலும் வளர்க்கும் என்பதை மேலே கண்டோம். மருந்தைக் குறைத்து நிழலைக் கூட்டுவது எளிதன்று.

இத்தனை இடர்களையும் மீறி முயல விரும்புவோர் இருக்கலாம். அசாமில் ஓரிரு தோட்டங்கள் அண்மை ஆண்டுகளில் முயன்றும் உள்ளன. அவர்களுக்கு முதற்தேவை துணியன்று. பறித்த சில மணி நேரத்துக்குள் ஆவியில் அவிக்கும் வசதியும், உருட்டாமல் உலர்த்தும் அடுப்பும், அவ்விலையைப் பிறர் இலையுடன் கலக்காமல் பிரித்து வைக்கும் ஏற்பாடும் முதலில் வேண்டும். ஏக்கர் கணக்கில் இறங்காமல், குளிர்காலம் முடிந்து எழும் முதல் துளிரில் மட்டும், கவாத்து முடித்து ஓராண்டாவது ஓய்ந்த செடிகளில், சில வரிசைகளை மூடியும் பக்கத்து வரிசைகளை மூடாமலும் விட்டு இரண்டின் உலர் எடையையும் ஒப்பிட வேண்டும். பச்சை எடையை ஒப்பிடுவது ஏமாற்றும். அவ்வரிசைகளில் அடுத்த இரு சுற்றுகளின் எடையையும் குறித்து வைத்தாலன்றி இழப்பின் முழு அளவு புலப்படாது.

வாங்குவோருடன் விலை ஒப்பந்தம் துணி விரிப்பதற்கு முன்னரே எழுத்தில் அமைய வேண்டும். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து நடத்தும் சிறு தொழிற்சாலைகளிலும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலும், உறுப்பினரின் கொழுந்தைத் தரம் பிரித்து எடைபோட்டு, மாத விலையை இரண்டு அல்லது மூன்று படிகளாக அறிவிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டதன்று. நுண்கொழுந்துக்கும் முற்றிலைக்கும் இன்றுள்ள ஒரே விலைக்குப் பதிலாகக் கிலோவுக்கு மூன்று நான்கு ரூபாய் வேறுபாடு வைத்தால், அதற்குத் துணியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். கொழுந்து வாங்கும் இடத்தில் ஒரு தராசும், கைப்பிடி இலையை எடுத்து எண்ணிப் பார்க்க ஒரு மேசையும், அதை நேர்மையுடன் செய்ய ஓர் ஆளும் போதும்.